அண்ணன் கொடுத்த அணுக்கள்

கரக்பூர் ரயில் நிலையத்தின் முன்பதிவுக் கூடத்தில் அமர்ந்து சீட்டு வழங்கும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குக் காட்பாடி என்னும் ஊர்ப் பெயர் மிகவும் பழகிப்போன ஒன்று. வங்கத்து மக்கள் எத்தனையோ பேர் கொடிய நோய்களுக்குச் சிகிச்சை வேண்டி வேலூருக்குப் பயணம் செய்கின்றனர். வேலூர் செல்வோர் இறங்க வேண்டிய நிலையம் காட்பாடி. ஜன்னலுக்கு அப்பால் நிற்பவர் நீட்டும் விண்ணப்பத்தோடு மருத்துவமனைச் சான்றிதழும் சேர்ந்து வந்தால், நோயின் பெயர் எழுதியுள்ள வரியைப் படித்துப் பார்த்த பின்பே கட்டணச் சலுகை தருதல் நமது கடமை. இவ்வாறு வாரத்துக்குப் பலமுறை ‘ரத்தப் புற்றுநோய்’ என்ற சொல்லைப் படித்தும், அந்நோயைக் குறித்து ஒன்றும் அறியாதவராகவே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். நமது சங்கத்துக் குடும்பம் ஒன்றின் வாசலிலேயே அச்சொல் வந்து நின்ற பிறகுதான் கண் திறந்தது.

தொழிற்சாலையில் பணிபுரியும் அன்பர் ஒருவரின் இளைய மகளுக்குச் சென்ற ஆண்டு தீவிர வகை ரத்தப் புற்றுநோய் கண்டது. வயது 22. மருந்துகளால் நோய் அடங்கியவுடன், மீண்டும் தலையெடுக்காதிருக்கும் பொருட்டு, அவளுடைய அண்ணனின் மூல அணுக்களை எடுத்து அவளுக்குச் செலுத்தினார்கள். பெண் தேறி வந்தாள். பொங்கல் விழாவுக்கு முகமூடி அணிந்து சற்று நேரம் வந்து அமர்ந்ததையும் அன்பர்கள் கண்டிருப்பார்கள். ஏழு மாதம் கழித்து நோய் திரும்பிவிட்டது. உடனே மருத்துவர்கள் அண்ணனை மீண்டும் வரச் சொன்னார்கள். இம்முறை அவனுடைய வெள்ளை அணுக்கள் வேண்டுமாம்.

அன்று மாலை அந்தத் தாயார் நமது இல்லத்துக்கு வந்தார். “தம்பி, ஒரு தரம் கொடுத்தது பலிக்கவில்லை. பலிக்காத மருந்தையே மறுபடியும் கொடுப்பார்களா? பெண்ணுக்கும் ஆகாமல், பிள்ளையையும் சோகை பிடித்தவனாக்கி அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? நீங்கள் நாலு புத்தகம் படிக்கிறவர். சொல்லுங்கள்” என்றார்.

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நம்மிடம் வந்து கேட்கத்தக்க கேள்வியா அது! எனினும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு மாத காலம் கிடைத்த நூல்களைப் படித்தும், மருத்துவத் துறையிலுள்ள நண்பர்களை விசாரித்தும் நாம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். அந்தத் தாயாரின் கேள்வியே பல இல்லங்களில் எழக்கூடியது என்பதனால் எழுதுகிறோமேயன்றி, மருத்துவருக்கு மாற்றாக அன்று.

நமது உடம்பின் ரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அங்கே மூல அணுக்கள் என்று சில உண்டு. சிவப்பணு, வெள்ளை அணு, ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணு ஆகிய மூன்றும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. இந்த உற்பத்திச் சாலையில் ஓர் அணு நெறி தவறி, வேலைக்கு உதவாத வெள்ளை அணுக்களாகத் தன்னையே பெருக்கிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்வதுதான் ரத்தப் புற்றுநோய். ஆகவே, கடும் மருந்தினாலோ கதிரியக்கத்தினாலோ பழைய மஜ்ஜையை அடியோடு அழித்து, மற்றொருவரின் நல்ல மூல அணுக்களை அங்கே குடியேற்றினால் நோய் தீரும் என்று கருதுவது இயல்பு. அந்தத் தாயார் அப்படித்தான் எண்ணியிருந்தார். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். வியப்பு யாதெனில், ஆரம்பத்தில் மருத்துவ உலகிலும் பலர் ஏறக்குறைய அப்படியே எண்ணியிருந்தனர்.

1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஹார்வெல் என்னுமிடத்தில் பார்ன்ஸ், லூட்டிட் என்ற ஆராய்ச்சியாளர்கள் ரத்தப் புற்று கண்ட எலிகளுக்குக் கதிரியக்கம் செலுத்திப் பிற எலிகளின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தனர். கதிரியக்கம் மட்டும் நோயை முற்றும் ஒழிப்பதில்லை, எஞ்சிய புற்று அணுக்களை வந்தேறிய மஜ்ஜையின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கக்கூடும் என்ற கருத்தை அவர்கள் அன்றே எழுதிவைத்தார்கள். வந்த அணுக்கள் குடியேறுவதோடு நில்லாமல் போரும் செய்யும் என்பது அதன் பொருள். அக்கருத்து மனிதரிடத்தில் மெய்ப்பட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

அமெரிக்காவில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர் 1957-ஆம் ஆண்டிலேயே மனிதருக்கு மஜ்ஜை செலுத்திய முயற்சிகளை வெளியிட்டார். அம்முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியிலேயே முடிந்தன. யாருடைய மஜ்ஜை யாருக்குப் பொருந்தும் என்பதை அறியும் வழி அப்போது இல்லை. பாரிஸ் நகரத்து ழான் தோசே 1958-ஆம் ஆண்டில் வெள்ளை அணுக்களின் மேலுள்ள அடையாளக் குறிகளில் ஒன்றைக் கண்டுபிடித்ததிலிருந்து அவ்வழி திறந்தது. இக்குறிகளை இப்போது எச்.எல்.ஏ. என்று அழைக்கின்றனர். ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாக இக்குறிகளைப் பெறுகிறோம். ஆகையால் உடன்பிறந்தார் ஒருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் பாதிப் பொருத்தம்.

தாமஸ் மனம் தளராமல் சியாட்டில் நகரில் தமது பணியைத் தொடர்ந்தார். 1977-ஆம் ஆண்டில், வேறு சிகிச்சை எதுவும் பலிக்காத நிலைக்கு வந்துவிட்ட 100 நோயாளிகளைப் பற்றி அவருடைய குழுவினர் எழுதினார்கள். அவர்களுள் 13 பேர் நோயின்றி வாழ்ந்திருந்தனர். நூற்றுக்குப் பதின்மூன்று என்றால் நமக்குக் குறைவாகத் தோன்றும். ஒருவருமே பிழையார் என்று கைவிடப்பட்ட நூறு பேர் அவர்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். 1990-ஆம் ஆண்டில் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிழைத்தவர்கள் யார், நோய் திரும்பியவர்கள் யார் என்று கணக்கெடுக்கத் தொடங்கியபோதுதான் விந்தையான ஒரு செய்தி வெளிப்பட்டது. அதைச் சொல்வதற்கு முன் மற்றொரு துன்பத்தைச் சொல்லியாக வேண்டும்.

மூல அணுக்களோடு கொடையாளியின் ‘டி’ அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்களும் சேர்ந்தே வருகின்றன. நமது தொழில் வழக்கில் சொன்னால், இவை சீட்டுப் பரிசோதகர்கள். உடம்பெங்கும் திரிந்து ஒவ்வோர் அணுவையும் நிறுத்திக் குறியைப் பார்ப்பதே இவற்றின் வேலை. அயலான் என்று கண்டால் அழித்துவிடும். புதிய உடம்புக்கு வந்ததும் அங்குள்ள எல்லா அணுக்களுமே இவற்றின் கண்ணுக்கு ஓரளவு அயலாகத் தோன்றுகின்றன. எச்.எல்.ஏ. முழுதும் பொருந்தியிருந்தாலும் சில்லறை வேற்றுமைகள் இருக்கவே செய்யும். இதனால் கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. தோலில் செந்தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை ஆகியவை அதன் அறிகுறிகள். நாட்பட்டால் கண்ணும் வாயும் வறண்டு, தோல் இறுகும். சிலர் இதனாலேயே உயிர் துறந்தனர். மாற்றணு சிகிச்சையில் மருத்துவர்கள் பெரிதும் அஞ்சுவது இந்நோயைத்தான்.

இத்துன்பத்தைத் தவிர்க்க 1980-களில் ஓர் உபாயம் செய்தார்கள். செலுத்துவதற்கு முன்பே ‘டி’ அணுக்களைப் பிரித்து நீக்கிவிட்டு, மற்றவற்றை மட்டும் கொடுத்தனர். தாக்குதல் வெகுவாகக் குறைந்தது. யாவரும் மகிழ்ந்தனர். ஆனால் நாளடைவில், அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களிடம் புற்று முன்னிலும் மிகுதியாகத் திரும்பி வந்தது!

1990-ஆம் ஆண்டில் பல நாட்டு மருத்துவமனைகளின் 2,254 நோயாளிகளைப் பற்றிய பெருங்கணக்கு ஒன்று வெளியாயிற்று. தோல், குடல் முதலியவற்றில் தாக்குதல் கண்டு மீண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ‘டி’ அணு நீக்கிப் பெற்றவர்களுக்கு அதிகமாக இருந்தது. அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையரில் ஒருவரின் மஜ்ஜையை மற்றவர் பெற்ற இடங்களிலும் நோய் திரும்புதல் அதிகமே. இரட்டையரைக் காட்டிலும் சிறந்த பொருத்தம் உலகில் உண்டோ? குறை அந்தப் பொருத்தத்திலேயே இருந்தது. தன்னை முற்றிலும் ஒத்த உடம்பில் எதையும் அயலாகக் காணாத அணுக்கள், அங்கே ஒளிந்திருந்த புற்றையும் கண்டுகொள்ளவில்லை. சிறிது வேற்றுமை இருந்தால்தான் போர் நடக்கும். போர் நடந்தால்தான் புற்று அழியும். நோயைத் தீர்ப்பதில் கடும் மருந்துக்கு உள்ள பங்கு ஒன்று. கொடையாளியின் எதிர்ப்பு அணுக்களுக்கு உள்ள பங்கு மற்றொன்று. இப்பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாயாருக்கு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றிற்று.

அதே 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து கோல்ப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவருக்கும் மெதுவாக வளரும் நாட்பட்ட வகை ரத்தப் புற்று. மஜ்ஜை பெற்ற பிறகு நோய் திரும்பியிருந்தது. மீண்டும் கடும் மருந்து கொடுத்துப் பழைய பாதையிலேயே செல்லாமல், முன்பு மஜ்ஜை கொடுத்தவரையே அழைத்து, அவருடைய வெள்ளை அணுக்களை மட்டும் எடுத்துச் செலுத்தினர். கூடவே இன்டர்ஃபெரான் என்ற மருந்தும் தந்தனர். மூவருக்கும் புற்று மறைந்தது. இரண்டாம் முறை கொடையாளியை அழைக்கும் வழக்கத்துக்கு மூலம் இதுவே.

இங்கே ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1995-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றின் அனுபவத்தை ஒன்றுசேர்த்து வெளியிட்டபோது, நாட்பட்ட வகையினரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் குணம் கண்டது தெரிந்தது. தீவிர வகையினரில் அது பத்துக்கு மூன்று என்ற அளவையும் எட்டவில்லை. தீவிர வகையில் புற்று அணுக்கள் விரைந்து பெருகுகின்றன. எதிர்ப்பு அணுக்கள் படை திரட்டச் சில வாரங்களாவது ஆகும். ஆகவே முதலில் மருந்தினால் புற்றைச் சற்று அடக்கிவிட்டுப் பிறகு அணுக்களைச் செலுத்துவது வழக்கம். நாட்பட்ட வகைக்கோ 2001-ஆம் ஆண்டு முதல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்துவிட்டபடியால், பெரும்பாலோருக்கு மஜ்ஜை மாற்றமே தேவைப்படுவதில்லை. எளிதாகப் பலித்த இடத்தில் தேவை குறைந்து, அரிதாகப் பலிக்கும் இடத்தில் தேவை நிற்கிறது.

அளவு மற்றொரு பெரிய விஷயம். ஒரே சமயத்தில் மிகுதியாகச் செலுத்தினால் புற்றோடு நோயாளியின் உடம்பும் தாக்குண்ணும். ஆதலால் ‘டி’ அணுக்களை எண்ணியே கொடுக்கின்றனர். உடன்பிறந்தாரின் அணுக்களாயின், நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கோடி என்ற அளவை ஒட்டிக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. பாதிப் பொருத்தமுள்ளவரின் அணுக்களாயின் கிலோவுக்கு ஒரு லட்சம் போன்ற சிற்றளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, தீங்கில்லையெனில் ஏற்றிக்கொண்டே போவார்கள். நோய் அடையாளம் தெரிந்தவுடன், எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கத் தந்துவந்த மாத்திரையை முதலில் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. முன்பே குடியேறிய அணுக்களுக்குக் கட்டவிழ்த்து விடுவது போன்றது இது.

புற்று அணுக்களும் சும்மா இருப்பதில்லை. 2009-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பாதிப் பொருத்தமுள்ளவரிடம் அணுக்கள் பெற்ற சிலருக்கு நோய் எப்படித் திரும்பியது என்று ஆராய்ந்தனர். கொடையாளியின் ‘டி’ அணுக்கள் எந்தக் குறியை அயலென்று கண்டு தாக்கினவோ, அந்தக் குறியையே புற்று அணுக்கள் உதிர்த்துவிட்டிருந்தன! சீட்டில்லாப் பயணி சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த பெட்டியில் போய் உட்காருவது நமக்குப் புதிதல்ல. அணுவுக்கும் அந்தத் தந்திரம் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அத்தகைய நோயாளிக்குப் பழைய கொடையாளியின் ‘டி’ அணுக்களை மீண்டும் கொடுப்பதில் பயன் குறைவு. வேறு கொடையாளியைத் தேடுவார்கள். முழுப் பொருத்தமுள்ள அண்ணன் தங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. இத்தாலியிலேயே பெருஜியா நகரத்தவர்கள், ‘இயற்கைக் கொல்லி’ என்னும் வேறொரு வகை வெள்ளை அணுக்களும் பாதிப் பொருத்தச் சிகிச்சையில் புற்றை அழிக்கின்றன என்று 2002-ஆம் ஆண்டில் காட்டினார்கள். அது தனியே எழுத வேண்டிய பெரிய கதை.

இனி, பிள்ளையைப் பற்றிய தாயாரின் அச்சத்துக்கு வருவோம். முதல் முறை மூல அணுக்களைக் கொடுக்கும்போது நான்கைந்து நாள் ஊசி போட்டார்கள். மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களை ரத்தத்துக்குள் இறங்கச் செய்யும் ஊசி அது. அந்நாட்களில் பையனுக்கு இடுப்பும் முதுகும் வலித்தன. அதைக் கண்டுதான் தாயார் கலங்கிவிட்டார். வெள்ளை அணுக்கள் மட்டும் கொடுப்பதற்கு வழக்கமாக அந்த ஊசி வேண்டியதில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குச் செல்லும். இயந்திரம் சுழன்று வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக்கொள்ளும். மீதி ரத்தம் மறு கை வழியாகத் திரும்பி வரும். சில மணி நேரத்து வேலை. உதட்டில் சிறிது மதமதப்புத் தோன்றலாம். அதற்குக் கால்சியம் தருவார்கள். எடுத்த வெள்ளை அணுக்களை உடம்பு தானே மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். சிவப்பணுக்கள் ஏறக்குறைய எல்லாம் திரும்பி வந்துவிடுவதால், சோகை பிடிக்குமென்ற அச்சத்துக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயாரிடம் எடுத்துச் சொன்னோம். அவருக்கு மிகவும் ஆறுதலளித்த செய்தி எது தெரியுமா? தங்கையின் உடம்பில் இப்போது ஓடும் ரத்தம் அண்ணனுடைய வகையைச் சேர்ந்தது என்பதுதான். அவளுடைய பழைய ரத்தப் பிரிவு மாறி அண்ணனின் பிரிவே வந்துவிட்டதை மருத்துவமனைச் சீட்டில் காட்டினோம். “அப்படியென்றால் அவன் ஏற்கெனவே அவளுக்குள் இருக்கிறான். துணைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே?” என்றார். ஒரு மாதம் படித்து நாம் விளக்க முயன்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பலிக்கும் என்று உறுதி கூற இயலாது என்பதையும் சொன்னோம். பத்தில் மூன்று என்ற கணக்கைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு பயணத் தேதியைக் கேட்டார்.

தொழிலறிவு சிறிது. புற்றுநோயாளி சிகிச்சைக்குச் செல்லும்போது, படுக்கை வசதியுள்ள சாதாரணப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் அவருக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணை செல்லும் ஒருவருக்கு அவ்விரு வகுப்புகளிலும் நூற்றுக்கு 75 தள்ளுபடி. மருத்துவமனை தரும் உரிய படிவத்தை முன்பதிவு ஜன்னலில் காட்ட வேண்டும். சலுகை நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் உரியதேயன்றி, தனியே செல்லும் கொடையாளிக்கு உரியதன்று. ஆகவே கொடையாளியே துணைவராக உடன் செல்லுமாறு நாளைக் குறித்துக்கொண்டால் செலவு மிகவும் குறையும்.

உடன்பிறந்தாரில் பொருத்தமில்லாதவர்களுக்குப் பதிவேடுகள் துணை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தாத்ரி’ அவற்றுள் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்துக் கொடுத்தால் பதிவுக்குப் போதும். எச்.எல்.ஏ. குறிகள் பரம்பரையாக வருவன. ஆதலால் தமிழருக்குப் பொருத்தம் தமிழரிடையே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பதிவேடுகளில் நம்மவர் எண்ணிக்கை இன்னும் போதாது என்பதே நமது அபிப்பிராயம். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தே அணுக்களைப் பெற்று, பின்னர் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தினால் தாக்குதலை அடக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வகுத்துத் தந்தனர். அம்முறை நம் நாட்டிலும் இப்போது பல இடங்களில் நடைபெறுகிறது.

அண்ணனும் தங்கையும் தெற்கே சென்றார்கள். தங்கையின் எடை 48 கிலோ. கணக்குப்படி 48 கோடி அணுக்கள். “48 கோடியா!” என்று தாயார் வாயைப் பிளந்தார். அத்தனையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பையில் வந்தனவாம். செலுத்தி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எஞ்சியவற்றை அடுத்த தவணைகளுக்காகக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் வாரம் பெண்ணின் முன்கையிலும் முதுகிலும் செந்தடிப்புக் கண்டது. தாயார் பதறிப் போய்த் தொலைபேசியில் நம்மை அழைத்தார். மருத்துவர்கள் பார்த்துவிட்டு, களிம்பு போதும், மருந்து கொடுத்து அடக்க வேண்டிய அளவு இல்லை, கவனித்து வருவோம் என்றார்களாம். அண்ணனின் அணுக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம் என்று ஒருவர் கூறினாராம். மகிழ்வதா அஞ்சுவதா என்று அந்தத் தாயாருக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை.

அடுத்த மஜ்ஜைச் சோதனை வரும் மாதம் 14-ஆம் தேதி. 11-ஆம் தேதி வண்டிக்கு நேற்று நாமே சீட்டு எழுதிக் கொடுத்தோம். துணைவர் பெயர் என்ற இடத்தில் மறுபடியும் அண்ணனின் பெயர். தங்கைக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது.